வாசுகி எந்தக் குரூப்?

1

“வாசுகி எந்தக் குரூப் எடுக்கப் போகிறாள்?” என்று திருச்சியிலிருந்து என் தங்கை கேட்டு எழுதியிருக்கிறாள். ஒரு வரிக் கேள்விதான். பதில் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஊரில் என்னைத் தெரிந்த அத்தனை பேரும் இதையேதான் கேட்பீர்கள் என்று தோன்றியதால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது இந்த நாட்டுப் படிப்பு முறை புரிந்தால் தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.

வாசுகி எங்களுடைய ஒரே பெண். பதினாறு நடக்கிறது. நாங்கள் இருப்பது மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். எஸ்டேட் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர். தேயிலை பாக்டரியில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் முசிறியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் என்பதால் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற லயத்து வீடுகளில் என்னைப் ‘படிச்ச அம்மா’ என்பார்கள். கடிதம் படித்துக் காட்ட, மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பட்டம் இந்த ஜனவரியோடு போயிற்று.

இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம். பிறகு மலாய் பழகுவதற்காக ‘ரிமூவ்’ என்று ஒரு வருஷம். அதற்கப்புறம் பாரம் என்கிற வகுப்புகள், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதன் கடைசியில் எஸ்.ஆர்.பி. என்று ஒரு சர்க்கார் பரீட்சை. அதில் வாங்கியதை வைத்து நாலாம் பாரத்தில் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். சயின்ஸ், ஆர்ட்ஸ், டெக்னிக், வொக்கேஷனல் என்கிற கைத்தொழில் படிப்பு. ஒரு பக்கம் போனவர்கள் ஐந்தாம் பாரம் முடிக்கும் வரை அந்தப் பக்கம்தான். ஐந்தாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

மார்க்கு கூடினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே மொத்த எண் குறையக் குறையத்தான் கெட்டிக்காரத்தனம். வாசுகி வந்து “பன்னெண்டும்மா” என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்தது பன்னிரண்டுக்கா என்று நான் முந்தானையைத் தேடிக்கொண்டிருக்க, இவர் எழுந்து பெண்ணுக்குக் கைகொடுத்தார். அப்போதுதான் பாஸ் என்பதே எனக்குத் தெரிந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் ஒரு பீரியடில் முடிந்த காரியம். ஹெட்மாஸ்டர் வந்து, காம்போசிட் கணக்கு, அதாவது கஷ்டமான கணக்கு, வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். பையன்கள் தூக்கினார்கள். ஒரு பெண்ணும் தூக்கினாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், இறக்கிவிட்டாள். மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் பொதுக் கணக்கு. கை தூக்கிய அந்தப் பெண் நான் இல்லை. எனக்குக் கணக்கு அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. ஆனால் குழப்பம் என்று ஒன்று இருந்ததில்லை.

2

பன்னிரண்டு வாங்கினால் சயின்ஸ் கிடைக்கும் என்று பள்ளியில் சொன்னார்களாம். கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீங்கள் பிளஸ் டூ கொண்டுவந்த பிறகு என் தங்கை எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் முதல் குரூப், முதல் குரூப் என்று படித்துப் படித்து, சயின்ஸ் என்றால் முதல் குரூப், முதல் குரூப் என்றால் டாக்டர் என்று நான் ஒரே தாவாகத் தாவிவிட்டேன்.

இவர்தான் கேட்டார். “சயின்ஸ் எடுத்தா சாயந்தரம் எதுல வருவா?”

அவர் கேட்டது லோரியைப் பற்றி. எங்கள் எஸ்டேட் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலையில் ஒரு லோரி, பள்ளிக்கூடம் இருக்கிற தானா ராத்தா டவுனுக்குப் போகும். விடிந்தும் விடியாமலும் இருக்கும், பனி முகத்தில் அடிக்கும், பிள்ளைகள் பையை மடியில் கட்டிக்கொண்டு நெருக்கி உட்கார்ந்து போவார்கள். மதியம் அதே லோரி திரும்பும். அப்புறம் எஸ்டேட் பக்கம் வருகிற வண்டி கிடையாது. சயின்ஸ் பிள்ளைகளுக்கோ செய்முறை வகுப்பு மதியத்துக்கு மேல்தான். இந்த எஸ்டேட்டிலிருந்து போனவர்கள் எல்லோரும் ஆர்ட்ஸ் படித்ததற்கு அதுதான் காரணம். இவர்களுக்கு சயின்ஸில் நாட்டமில்லை போலிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாட்டமில்லாதது லோரிக்கு.

“ஹாஸ்டல்ல விடலாம்” என்றேன். “டவுன்ல யார் வீட்டுலயாச்சும் கேட்டுப் பார்க்கலாம்” என்றார் இவர். இரண்டு பேரும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், வாசுகி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“எனக்கு சயின்ஸும் வேணாம், ஆர்ட்ஸும் வேணாம். மலைக்குக் கீழ ஈப்போவுல வொக்கேஷனல் ஸ்கூல் இருக்கு. அங்க போயி பென்யெஜுக்கான் எடுக்கப்போறேன்.”

“அப்படின்னா?”

“ஐஸ் பெட்டி, கூலிங் ரூம், ஏர்கோண்ட் இதெல்லாம் ரிப்பேர் பண்றதும்மா.”

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே பனி மூடித் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது, இருந்தால்தான் என்ன செய்வது? இன்று வைத்த சாம்பார் நாளைச் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். கம்பளியைத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்த பெண், குளிர வைக்கிற எந்திரத்தைப் பழுது பார்க்கப் படிக்கப்போகிறாளாம்.

“ஊரே ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கு. இதுல உனக்கு வேற ஐஸ் பெட்டியா?” என்றேன்.

“தேவி வீட்டுல பார்த்தேன்ல” என்றாள். தேவி அவளோடு படிக்கிற பெண். கோலா தெர்லாவில் அவள் அப்பாவுக்குப் பூந்தோட்டம். “அவங்க கூலிங் ரூம் கெட்டுப்போச்சு. ஈப்போவுலேருந்து ஆள் ஏறி வர்றதுக்குள்ள பூவெல்லாம் அழுகிப்போச்சு. தேவி அப்பா அழுவுறாரும்மா. இங்க மலைமேல ஒருத்தருக்குக்கூட அந்த வேலை தெரியாது. கம்போங் ராஜா வரைக்கும் எத்தன தோட்டம் இருக்கு பாரு.”

“பொம்பளப் புள்ள ஸ்பானர் புடிக்கிறதா?” என்றார் இவர்.

“ஸ்பானர் அதெல்லாம் பாக்காதுப்பா.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இவர் கோபித்துக்கொண்டு பாக்டரிக்குப் போய்விட்டார்.

3

வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் முடிவைச் சொல்ல வேண்டும். படித்த அம்மா நானே நாலு பேரிடம் கேட்கக் கிளம்பினேன்.

கோயில் செயலாளர், “ஆர்ட்ஸ் எடுத்தா டீச்சர் ஆவலாம்” என்றார். அவர் பெண் ஆர்ட்ஸ் எடுத்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள். அதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர், “சயின்ஸ் எடுத்து கோட்டை விட்டா ஒண்ணுமில்ல. ஆர்ட்ஸ் எடுத்து பாஸானாலும் ஒண்ணுமில்ல. யோசிச்சுக்குங்க” என்றார். என்னத்தை யோசிப்பது? வெற்றிலைக் கடைக்காரர், வொக்கேஷனல் என்பது படிப்பு வராத பிள்ளைகளுக்கு என்று அடித்துச் சொன்னார். பக்கத்தில் நின்றவர், அவர் மச்சான் பையன் அதில் படித்துத்தான் பினாங்கில் காருக்கு மேல் கார் வாங்குகிறான் என்றார். இருவரும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் வெற்றிலை வாங்காமலே வந்தேன்.

கடைசியில் பள்ளிக்கே போனேன். வகுப்பாசிரியை ஒரு சீன அம்மாள். நல்ல மனுஷி. எனக்காக இங்கிலீஷையும் மலாயையும் கலந்து மெதுவாகப் பேசினார். என்னுடைய மலாய் மார்க்கெட் மலாய். கோஸ் என்ன விலை, மீன் இன்றைக்கு வந்ததா, இரண்டு வெள்ளி குறைத்துக்கொள், அதோடு சரி. அவர் ஒரு தாளை எடுத்து அம்புக்குறி போட்டுக் காட்டினார். ஒரு அம்பு யூனிவர்சிட்டி வரைக்கும் போயிற்று. ஒன்று பாதியில் நின்றது. ஒன்று சுற்றிக்கொண்டு போய் முதல் அம்பிலேயே சேர்ந்தது. வொக்கேஷனல் அம்பு எது என்று கேட்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஐஸ் பெட்டியைப் பற்றிக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர், பெண் பிள்ளைகள் அதை எடுப்பதில்லை, எடுக்கக் கூடாது என்றும் இல்லை, வாசுகி ஏற்கெனவே விசாரித்துவிட்டாள், இடம் இருக்கிறது என்று சொன்னார். அதாவது, அப்படிச் சொன்னார் என்று பக்கத்தில் நின்ற வாசுகி எனக்குச் சொன்னாள்.

வராந்தாவில் அவள் சிநேகிதிகள் நின்றிருந்தார்கள். மலாய்க்காரப் பெண் ஒருத்தி, சீனப் பெண் ஒருத்தி, தேவி. எல்லோரும் மலாயில் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பெண் சிரிக்கும்போது குரல்கூட வேறாக இருந்தது. வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. யாரோ வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4

இதற்கு நடுவில் இவர் ஒரு காரியம் செய்துவிட்டார்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், ஊருக்குப் புறப்பட்டாலும், பிள்ளை பாஸானாலும் துரையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அனுமதி கேட்பது இல்லை, சும்மா சொல்லிவிட்டு வருவது. வெள்ளைக்காரர்கள் காலத்துப் பழக்கம். இப்போதைய மேனேஜர் மலாய்க்காரர், என் தம்பியைவிடச் சின்னவர். ஆனாலும் எங்களுக்கு அவர் துரைதான். இவர் சட்டையை மாற்றிக்கொண்டு போய், “மக பாஸாயிட்டா தூவான், மேக்கொண்டு என்ன பண்றதுன்னு யோசிக்கிறோம்” என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே வந்த துரை ஒவ்வொருவரும் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று இருக்கிறது. எஸ்டேட் ஜனங்கள் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். பிள்ளைக்கு வேலை வேண்டும் என்று வருகிற தகப்பன், வேலை என்ற சொல்லையே எடுக்க மாட்டான். யோசிக்கிறோம் என்பான், காலால் தரையைத் தேய்ப்பான். துரைதான் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் துரையும் அப்படியே புரிந்துகொண்டார். ஒரு மனுஷனை நிற்க வைத்துக் கெஞ்ச விடுவானேன் என்று, ஆபீஸில் கிராணி வேலைக்கு வாசுகியை எடுத்துக்கொள்கிறேன், அடுத்த மாசமே வரட்டும் என்றுவிட்டார். பெரிய கிராணியைக் கூப்பிட்டு அப்போதே சொல்லியும் விட்டாராம். எழுந்து கையும் கொடுத்தாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“தெரிமா காசே, நன்றின்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது? கையக் குடுத்துட்டாரு.”

யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லை. துரை செய்தது உபகாரம். இவர் செய்தது மரியாதை. நடுவில் என் பெண்ணுக்கு நாலாம் பாரம் இல்லாமல் போனது.

இதில் வீடும் இருக்கிறது. இவருக்கு அடுத்த வருஷம் ஐம்பத்தைந்து ஆகிறது. ரிட்டயரானால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். பிள்ளை எஸ்டேட் வேலையில் இருந்தால் வீடு பிள்ளை பெயருக்கு மாறும். எங்களுக்கு வேறு இடம் எங்கும் கிடையாது. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா விஷயம் கேட்டதும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “வீடு தங்கிருச்சு. நீ குடுத்து வச்சவ லா” என்றார். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெண் கண்ணெதிரிலேயே இருப்பாள், தலைக்கு மேல் கூரை இருக்கும். மத்தியானம் அடுப்படியில் தனியாக நிற்கும்போது, பன்னிரண்டு வாங்கியது இதற்கா என்றும் இருந்தது. இரண்டில் எது என் மனசு என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வியாழக்கிழமை சாப்பாட்டின்போது வாசுகி, “அப்பா, நீங்க போயி வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள்.

“அது முடியாது லா. கையை நீட்டிக் குடுத்தவர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி வேணாம்னு சொல்றது?”

“அப்ப நான் சொல்லிக்கிறேன்.”

“துரை ஆபீசுக்கு நீயா? தனியாவா?”

“அம்மா வரட்டும்.”

இவர் என்னைப் பார்த்தார். போகாதே என்கிறாரா, போ என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

5

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். துணைக்குப் போகிறேன் என்று பெயர். வழியிலேயே அவள் மனத்தை மாற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. மாற்றி எதில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. அதனால் ஸ்வெட்டர் பித்தானைப் போடு என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அந்த ஆபீஸ் அறைக்குள் நான் அதுவரை போனதில்லை. துரை உட்காரச் சொன்னார். வாசுகி உட்கார்ந்தாள். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள்.

அது என் மார்க்கெட் மலாய் இல்லை. பள்ளிக்கூடத்து மலாய். நீளம் நீளமாக, தட்டுத் தடங்கல் இல்லாமல், கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசினாள். தலை குனியவில்லை, காலால் தரையைத் தேய்க்கவும் இல்லை. வேண்டியதை நேராகக் கேட்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது, என்ன கேட்கிறாள் என்பது புரியவில்லை. நடு நடுவே எனக்குத் தெரிந்த சொல் ஒன்று வரும். ஆயா என்றாள், அப்பாவைச் சொல்கிறாள். ஈப்போ என்றாள். இரண்டு வருஷம் என்றாள். ரூமா என்றாள். ரூமா என்றால் வீடு. வீட்டைப் பற்றி என்ன சொல்கிறாள்? வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா? முன்னும் பின்னும் என்னென்னவோ வார்த்தைகள். அவற்றில் ஒன்றையும் என்னால் பிடிக்க முடியவில்லை.

துரை முதலில் நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி தீவிரமாகி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கொஞ்சம் பேசினார். ஒரு கட்டத்தில் என் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். வாசுகி சின்னதாக ஒரு பதில் சொன்னாள். அவர் பார்வை என்மேலேயே இருந்தது.

நான் தலையாட்டினேன். புரியாத இடத்தில் தலையாட்டிச் சிரிப்பது எனக்கு இந்த நாட்டில் வந்த பழக்கம். தபாலாபீஸிலும் அப்படித்தான். குடியுரிமை இல்லாதவள் என்று காட்டுகிற என் சிவப்பு அடையாள அட்டையைப் புரட்டிப் பார்க்கிற அதிகாரி முன்னாலும் அப்படித்தான். தலையாட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள்.

அவரும் தலையாட்டினார். எழுந்து வாசுகிக்குக் கை கொடுத்தார்.

6

திரும்பி வரும்போது மலைச்சரிவில் கொழுந்து எடுப்பவர்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரியும். நான் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன்.

“என்னம்மா சொன்னே?”

“வேலை வேணாம்னு சொன்னேன். ஈப்போ போறேன்னு சொன்னேன். சரின்னுட்டாரு.”

“கோவிச்சுக்கலயா?”

“இல்ல. திரும்பி வந்து பாக்டரி ஏர்கோண்டைப் பாத்துக் குடுன்னு சிரிச்சாரு.”

அவ்வளவு நேரம் பேசியதில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டேன்.

“வீட்டப் பத்தி என்னமோ சொன்னியே.”

“கேட்டேன்மா. அப்பா ரிட்டயர் ஆனா கொஞ்ச மாசம் இருக்கலாமாம். அதுக்கு மேல அவர் கையில இல்லையாம். கம்பெனி ரூலாம்.”

“அப்புறம் நாங்க எங்க போறது?”

“தெரியலம்மா” என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் அந்த ஒரு சொல்லில் பாதி இறங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

“என்கிட்ட என்ன கேட்டாரு துரை?”

“வீடு போயிடும்னு அம்மாவுக்குத் தெரியுமா, தெரிஞ்சுதான் என்னை அனுப்புறாங்களான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“தெரியும், அம்மாவுக்குச் சம்மதம்னு சொன்னேன்.” நின்று என்னைப் பார்த்தாள். “நீயும் தலையாட்டினே.”

இப்போது அவள் முகம் பயந்துபோயிருந்தது. துரைக்கு முன்னால் இல்லாத பயம். நான் அடிப்பேன் என்றுகூட நினைத்திருப்பாள். அடிக்கிற அளவுக்குத்தான் ஆத்திரம் வந்தது. இரண்டே நிமிஷத்தில் என் பெண்ணையும் என் வீட்டையும் என் தலையாலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஏன் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கத்த நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வெள்ளிக்கிழமை வேண்டாம், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருப்பேன். திங்கட்கிழமையும் அதையே சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

“மதியம் லோரி அங்கேருந்து கிளம்புறதுக்குள்ள ஸ்கூல்ல போயிச் சொல்லணும்ல” என்றேன். டவுனுக்குப் போகிற வண்டி ஏதாவது கிடைக்கும் என்று அவள் பெரிய சாலைப் பக்கம் திரும்பி ஓடினாள்.

வீட்டில் இவர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். குடிக்காத டீ பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

“என்னாச்சு?”

“ஈப்போ போறா. வேலை வேணாம்னு சொல்லியாச்சு.”

“வீடு?”

“அடுத்த வருஷம் விட்டுடணும்.”

அவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “அவ யாரு அதெல்லாம் சொல்றதுக்கு? சின்னப் புள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு துரை எப்படிச் சரின்னாரு? நான் போயிப் பேசிக்கிறேன்” என்று சட்டையை எடுத்தார்.

“போகாதீங்க” என்றேன். “துரை என்கிட்டதான் கேட்டாரு. சம்மதம்னு நான்தான் சொன்னேன்.”